ஈராக் கொடியின் மூன்று நட்சத்திரங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2007 ஆசியக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் பழைய ஒளிப்பதிவை அண்மையில் பார்த்தேன். ஈராக் ரசிகர்கள் ஏந்தியிருந்த கொடியில் மூன்று பச்சை நட்சத்திரங்கள் இருந்தன. இன்றைய ஈராக் கொடியில் அவை இல்லை. ஏன் நீக்கினார்கள்? கொடியிலுள்ள நிறங்களும் ‘அல்லாஹு அக்பர்’ என்ற சொற்களும் இஸ்லாமிய சமயச் சின்னங்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அது சரிதானா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கண்ட நட்சத்திரங்கள் கைகூடாமலே போன ஓர் இணைப்பின் நினைவு. 1963 பிப்ரவரியில் பாக்தாதிலும் மார்ச்சில் டமாஸ்கஸிலும் ஆட்சிக்கவிழ்ப்பின் வழியாகப் அரபு ஒற்றுமையை முழங்கிய பாத் கட்சி அதிகாரத்துக்கு வந்தது. எகிப்து, சிரியா, ஈராக் மூன்றும் ஒரே கூட்டாட்சியாவது என்று ஏப்ரல் 17 அன்று கெய்ரோவில் உடன்பாடு கண்டார்கள். அதன் கொடியில் நாட்டுக்கு ஒன்றாக மூன்று நட்சத்திரங்கள். ஆனால் ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் அதிலிருந்து விலகிக்கொண்டார். ஈராக் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டதோ அதே ஜூலை 31 அன்று, இணைப்பு முறிந்த பிறகு! பின்னாளில் பாத் ஆட்சி அவற்றுக்குத் தன் கட்சி முழக்கமான ஒற்றுமை, விடுதலை, சோஷலிசம் என்பதையே பொருளாகச் சொன்னது.

நிறங்களைப் பொறுத்தவரை உங்கள் எண்ணத்திலிருந்து நான் வேறுபடுகிறேன். கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என்ற இந்நான்கு நிறங்களும் ஒரே கொடியில் கூடியது, 1916இல் மெக்காவின் ஷரீஃப் ஹுசைன் தலைமையில் எழுந்த அரபுக் கிளர்ச்சியின்போது. அதை வரைந்தவர் பிரிட்டிஷ் அதிகாரி மார்க் சைக்ஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் பிரான்ஸுடன் சேர்ந்து அரபு நிலத்தைக் கோடு போட்டுப் பங்கிட்டவரும் அவர்தான். அந்தக் கிளர்ச்சி யாரை எதிர்த்தது என்பதைக் கவனியுங்கள். கலீபா, அதாவது முஸ்லிம் உலகின் தலைவர், என்ற பட்டத்தைத் தாங்கியிருந்த ஒட்டோமான் சுல்தானின் ஆட்சியை எதிர்த்து, அரபு மொழி பேசுவோர் தாங்கள் தனி இனம் என்று உரிமை கோரிய எழுச்சி அது. கறுப்பு பாக்தாதை ஆண்ட அப்பாசியருக்கு, வெள்ளை உமையாக்களுக்கு, பச்சை ஃபாத்திமியருக்கு, சிவப்பு ஷரீஃப் ஹுசைனின் ஹாஷிம் குடும்பத்துக்கு என்று சொல்லும் விளக்கத்திலும் அரச மரபுகளின் பெருமையே முன்நிற்கிறது.

இதற்கும் மூத்த விளக்கம் ஒரு கவிதை வரி. பாபிலோனின் இடிபாடுகளுக்கு அருகிலுள்ள ஹில்லா நகரில் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த சஃபியுத்தீன் அல் ஹில்லி எழுதியது: வெண்மை எம் செயல்கள், கருமை எம் போர்கள், பசுமை எம் வயல்கள், செம்மை எம் வாள்கள். இன்று ஒரு டஜன் நாடுகளின் கொடிகளுக்கு உரையாகச் சொல்லப்படும் வரியைத் தந்தவர் ஈராக்கின் மண்ணில் பிறந்தவர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் ஈராக்கின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கொடி முழுவதும் அரபுப் பெருமை என்றால், அந்நாட்டின் குர்துகளும் துருக்மேன்களும் அசீரியர்களும் அதில் தங்களை எங்கே காண்பது? இக்கேள்விக்குக் கொடியிலேயே விடை எழுத முயன்றது 1959ஆம் ஆண்டின் கொடி. முந்தைய ஆண்டு மன்னராட்சியை வீழ்த்திய அப்துல் கரீம் காசிமின் அரசு, அரபுகளும் குர்துகளும் இத்தாயகத்தின் பங்காளிகள் என்று தன் தற்காலிக அரசியல் சட்டத்தில் எழுதியது. அதன் கொடியில் கறுப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகள் செங்குத்தாக நின்றன. நடுவிலுள்ள வெள்ளையில், அரபுகள் அந்நிலத்துக்கு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெசபடோமியர் வழிபட்ட இஷ்தார் என்ற பெண்தெய்வத்தின் எட்டுமுனை நட்சத்திரம் சிவப்பில். அதன் மையத்தில் வெண்வளையத்துக்குள் ஒரு மஞ்சள் வட்டம், குர்துகளின் சூரியன். அரபு நாடொன்று ஏற்றிய கொடிகளில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் அறியேன். நான்கே ஆண்டுகளில் காசிம் கொல்லப்பட்டார், கொடியும் போயிற்று.

எழுத்துகளின் கதை வேறு. குவைத்தைக் கைப்பற்றியிருந்த சதாம் ஹுசைன், கூட்டுப்படைகளின் தாக்குதல் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 1991 ஜனவரியில் ‘அல்லாஹு அக்பர்’ என்ற சொற்களை நட்சத்திரங்களுக்கிடையே சேர்க்க ஆணையிட்டார். அவருடைய பாத் கட்சி மதச்சார்பற்றது, முஸ்லிம் உலகின் ஆதரவோ அப்போது அவருக்குத் தேவையாக இருந்தது. அவ்வெழுத்துகள் அவருடைய கையெழுத்தே என்று கூறப்பட்டது. பழைய படங்களில் பாருங்கள், பேனாவால் எழுதியதுபோல் வளைந்தும் சாய்ந்தும் இருக்கும். 2004 ஜூனுக்குப் பிறகு அதே சொற்கள் கோணங்களாக, செங்கல் அடுக்கியதுபோல் நிற்கின்றன. அது ஈராக்கின் கூஃபா நகரத்தின் பெயரால் வழங்கும் கூஃபி எழுத்து. இறைவனின் பெயரை எவராலும் நீக்க முடியவில்லை. ஒரு மனிதனின் கைத்தடத்தை மட்டும் நீக்கினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கட்டடக் கலைஞர் ரிஃபாத் சாதிர்ஜி வரைந்த வெள்ளையும் நீலமுமான புதுக் கொடியை அமெரிக்கர் அமைத்த ஆட்சிமன்றம் அறிவித்தபோது, அது இஸ்ரேலியக் கொடியைப் போலிருக்கிறது என்று மக்கள் கொதித்தெழுந்ததால் கைவிட நேர்ந்தது.

இனி நீங்கள் பார்த்த ஆட்டத்துக்கு வருகிறேன். 2007 ஜூலை 29, ஜகார்த்தா. 72ஆம் நிமிடத்தில் மூலையிலிருந்து பந்தை உதைத்தவர் ஹவார் முல்லா முகம்மது, ஒரு குர்து. தலையால் முட்டிக் கோலாக்கியவர் கிர்குக்கைச் சேர்ந்த யூனிஸ் மஹ்மூத். சவூதி அரேபியாவை அந்த ஒரு கோலால் வென்றார்கள். ஆனால் ரசிகர்கள் அன்று அசைத்த கொடி, அதே நேரத்தில் ஈராக்கின் வடக்கிலுள்ள குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானின் அரசு அலுவலகங்களில் ஏற்றப்படவில்லை. 1988இல் ஹலப்ஜா என்ற குர்து நகரில் சதாமின் படைகள் நச்சுவாயு வீசியதும் குர்துகளைக் கொன்று குவித்த அன்ஃபால் படுகொலைகள் நடந்ததும் அந்த மூன்று நட்சத்திரங்களின் கீழ்தான் என்பதால், அப்பகுதியின் அன்றைய அதிபர் மசூத் பர்ஸானி 2006இல் அதை இறக்கச் சொல்லி, காசிம் காலக் கொடியை ஏற்றச் செய்தார். அவருடைய கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

நட்சத்திரங்கள் நீங்கியதற்குக் காரணம் அதுவே. 2008 மார்ச்சில் அரபு நாடாளுமன்றங்களின் கூட்டம் குர்திஸ்தானின் எர்பில் நகரில் நடக்கவிருந்தது. ஈராக்கின் கொடி இல்லாமல் அதை நடத்த இயலாது. ஜனவரி 22 அன்று பாக்தாத் நாடாளுமன்றம் மூன்று நட்சத்திரங்களையும் நீக்கி, ஓராண்டுக்கு மட்டும் என்று இன்றைய கொடியை ஏற்றது. பிப்ரவரியில் அது எர்பிலில் ஏறியது. நிலையான கொடி எது என்று அதன்பின் உடன்பாடு ஏற்படாததால், அந்த ஓராண்டுக் கொடியே இன்றும் பறக்கிறது.

2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட இளைஞர்கள் இதே கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு, ‘எங்களுக்கு ஒரு தாயகம் வேண்டும்’ என்று முழங்கினார்கள். அவர்களுக்கு மேலே நின்ற வெண்கலச் சிற்பங்கள் ஜவாத் சலீம் வடித்தவை. காசிமின் குடியரசுக்காக இஷ்தாரின் நட்சத்திரத்தை அரசுச் சின்னத்தில் வரைந்தவரும் அவர்தான்.