வாசகர் கேள்வி – பதில்: ஆண்டிபட்டி யார் கோட்டை?

சின்னமனூர் வாசகர்: ஆண்டிபட்டி என்றாலே அ.தி.மு.க. கோட்டை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் 2019, 2021 இரண்டிலும் தி.மு.க. ஜெயித்திருக்கிறதே, கோட்டை எப்படி விழுந்தது?

அது விழுந்தது 2019-ல்தான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். 1989-லும் 1996-லும் அங்கே ஜெயித்தவர் தி.மு.க.வின் ஆசையன். பெரியவர்கள் சொல்வதிலும் தப்பில்லை, 1980-ல் எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1984-ல் எம்.ஜி.ஆர்., 2002-லும் 2006-லும் ஜெயலலிதா, அதற்கு முன்னும் பின்னும் தங்க தமிழ்செல்வன் என்று பட்டியல் போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் நான் பார்த்தவரை அந்த ஊர் மக்கள் ஆளைவிட இரட்டை இலையைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். 1989-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகி, இலை முடக்கப்பட்டு, ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல் என்று ஆகிவிட்டது. எம்.ஜி.ஆரை நான்கு வருடத்துக்கு முன்னால் அப்படித் தூக்கிப் பிடித்த அதே ஆண்டிபட்டியில் அவர் மனைவி ஜானகி அம்மாளே நின்றார், தோற்றார். அவர் பெயரைச் சொல்லி, அவர் வீட்டிலிருந்தே ஒருவர் வந்து கேட்டும் கிடைக்கவில்லை என்றால், 'தலைவர் விசுவாசம்' என்ற ஒரே விளக்கம் அந்தத் தொகுதிக்குப் போதாது. 1996 வேறு கதை, அது மாநிலம் முழுக்க அடித்த அலை, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்ற வருடம்.

அப்புறம் 2019. தினகரன் பிரிந்து போன பிறகு வந்த இடைத்தேர்தல். தி.மு.க. 87,079, அ.தி.மு.க. 74,756. வித்தியாசம் 12,323. தினகரன் தொடங்கிய அ.ம.மு.க. வாங்கியது 28 ஆயிரத்துச் சொச்சம். பிரிந்த இரண்டு கட்சிகளின் ஓட்டையும் கூட்டிப் பார்த்தால் 1,03,000 பக்கம் வருகிறது. 2016-ல் தங்க தமிழ்செல்வன் தனி ஆளாக வாங்கியது எவ்வளவு தெரியுமா? 1,03,129. ஓட்டு ஏறக்குறைய அப்படியே இருந்தது, இரண்டு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். தி.மு.க.வும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், 2016-ல் வாங்கிய 72,933-லிருந்து 14 ஆயிரம் ஏறியிருக்கிறது. 2021-ல் வித்தியாசம் 8,538, அப்போதும் அ.ம.மு.க. வாங்கியது அதைவிட அதிகம்.

மதுரை வாசகி: எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தாராமே, சட்டம் அதற்கு எப்படி இடம் கொடுத்தது?

வேட்பாளர் நேரில் வந்துதான் மனு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 1951-ம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்பாளர் கையெழுத்திட்ட மனுவை முன்மொழிபவர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் செல்லும். எனவே அவர் நியூயார்க்கில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தது மனுவுக்குத் தடையில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது பிரசாரம்தான். வேட்பாளர் தொகுதிக்குள் ஒரு நாள்கூட வரவில்லை. பேச்சு சரியாக வருமா, உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் வதந்தி. ஆஸ்பத்திரியில் அவர் இருப்பதைப் படம் பிடித்து வீடியோவாகத் தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். வீட்டில் டிவியே அபூர்வமாக இருந்த காலத்தில் கிராமத்து ஜனம் கூட்டமாக நின்று தலைவர் முகத்தை அதில் பார்த்தது. 1984 டிசம்பர் 24 வாக்குப்பதிவு, எம்.ஜி.ஆருக்கு 60,510, தி.மு.க.வுக்கு 28,026. அடுத்த பிப்ரவரியில் ஊர் திரும்பி மூன்றாவது முறையாக முதல்வர் ஆனார். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று மாறி மாறி நின்றவருக்குக் கடைசித் தொகுதி இதுதான். வாக்குப்பதிவு நடந்து சரியாக மூன்று வருடம் கழித்து, அதே டிசம்பர் 24-ல் அவர் காலமானார்.

உசிலம்பட்டி வாசகர்: 2001-ல் ஜெயித்த தங்க தமிழ்செல்வன் ஏன் ராஜினாமா செய்தார்?

ஜெயலலிதாவுக்கு இடம் விடுவதற்காக. 2001-ல் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு இடத்தில் அவர் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்தது முக்கியக் காரணம், போதாததற்கு இரண்டு தொகுதிக்கு மேல் ஒருவர் நிற்கவும் கூடாது. கட்சி ஜெயித்ததும் எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வர் ஆனார். செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதவியேற்பே செல்லாது என்றது. அப்போது முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவரும் இதே தேனி மாவட்டத்துக்காரர், பெரியகுளம் எம்.எல்.ஏ. ஓ.பன்னீர்செல்வம். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது, 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தல், 41,201 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி, மார்ச் 2-ல் மறுபடியும் முதல்வர். ஒரே மாவட்டத்தின் இரண்டு தொகுதிகள் ஒரு மாநில அரசையே தாங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

திண்டுக்கல் வாசகர்: 2006-ல் ஜெயலலிதாவை எதிர்த்து ஆண்டிபட்டியில் நின்ற சீமான், இப்போதைய நாம் தமிழர் சீமானா?

இல்லை. அவர் தி.மு.க. வேட்பாளர், பெயர் மட்டும்தான் ஒன்று. 48,741 ஓட்டு வாங்கினார், ஜெயலலிதாவுக்கு 73,927.

போடி வாசகர்: 2019-ல் அண்ணன் தம்பியே மோதிக்கொண்டார்களாமே?

ஆமாம். தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன், இருவரும் உடன்பிறந்தவர்கள். 2021-லும் அதே இருவர்தான், அதே முடிவுதான். இந்தத் தேர்தல் வந்ததற்குக் காரணமானவரின் கதையும் அதற்குச் சளைத்ததல்ல: தினகரன் பக்கம் நின்று 2017-ல் தகுதி நீக்கப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவரான தங்க தமிழ்செல்வன், பிறகு தி.மு.க.வில் சேர்ந்து, 2024-ல் அந்தக் கட்சியின் தேனி எம்.பி. ஆகிவிட்டார்.

2019-ல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன் ஆண்டிபட்டியில் வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைப் பிடித்தது, சோதனையின்போது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. கவர்களில் வார்டு எண்ணும், தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கும் எழுதியிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். எம்.ஜி.ஆர். முகத்தைத் திரையில் பார்த்ததற்கே ஓட்டுப் போட்ட ஊரில் இது நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருசநாடு வாசகி: இரண்டு முதல்வர்களைக் கொடுத்தோமே, எங்களுக்கு என்ன கிடைத்தது?

க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஜெயலலிதா காலத்தில், 2004-ல் வந்தது. மலையடிவாரத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட வேண்டியிருந்த காலத்தை நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தண்ணீர்? வைகை அணை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, 1959-லிருந்து. அதன் தண்ணீர் மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது, ஆண்டிபட்டிக் கண்மாய்கள் மழையை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை அந்தக் கண்மாய்களுக்குத் திருப்ப வேண்டும் என்று விவசாயிகள் எத்தனையோ தேர்தலாகக் கேட்கிறார்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம் எந்தக் கட்சி என்று பார்க்காமல் முதலில் இதைக் கேளுங்கள்.