விலக்க வேண்டியவர்களை டெலீட் செய்யாதீர்கள்

கேள்வி: எங்களுடையது ஒரு தொழில்முறைச் சங்கம். உறுப்பினர் பதிவேடு ஒரு மென்பொருளில் இருக்கிறது. மெயில் அனுப்புவதை ஒரு ஏஜென்சி தன்னுடைய கணக்கிலிருந்து பார்த்துக்கொள்கிறது. சந்தா முடியப்போகிறவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பச் சொன்னோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும், 'இனி எதுவும் அனுப்பாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கும் போய்விட்டது. இறந்துபோன ஓர் உறுப்பினரின் பெயரில் அவர் வீட்டுக்கே போயிருக்கிறது. 'வேண்டாதவர்களை லிஸ்டிலிருந்து டெலீட் செய்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது' என்கிறது ஏஜென்சி. செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். இதில் குறைவது அவர்கள் வேலை. உங்கள் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

ஒருவரை டெலீட் செய்தால் பெயர் மட்டும் போவதில்லை, 'இவருக்கு அனுப்பக்கூடாது' என்ற தகவலும் சேர்ந்து போய்விடுகிறது. அடுத்த மாதம் கருத்தரங்குக்குப் பதிவு செய்தவர்களின் எக்செல் ஷீட்டை யாராவது ஏற்றுவார்கள், அல்லது முன்னாள் நிர்வாகி ஒருவர் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த பழைய பட்டியலை நல்லெண்ணத்தோடு கொடுப்பார். அதில் அதே முகவரி இருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை அவர் புது ஆள், உடனே மெயில் போகும். எழுதிக் கொடுத்தும் வருகிறதே என்று அவர் கோபப்பட்டால் அது நியாயமான கோபம். அதனால் ஆள் பட்டியலிலேயே இருக்கட்டும், அவர்மேல் 'அனுப்ப வேண்டாம்' என்ற குறி இருக்கட்டும், எந்தத் தேதியில் யார் சொல்லி அது வந்தது என்று கூடவே ஒரு வரியும் இருக்கட்டும். 'என் விவரங்களை முழுக்க அழித்துவிடுங்கள்' என்று கேட்பவர் விஷயத்தில்கூட, மறுபடி அனுப்பிவிடாமல் இருப்பதற்காக முகவரியை மட்டும் அனுப்பக்கூடாதவர் பட்டியலில் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. உருப்படியான மெயில் மென்பொருள் எல்லாவற்றிலும் இதற்கு சப்ரெஷன் லிஸ்ட் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ ஓர் இடம் இருக்கிறது.

இப்போது உங்கள் மூன்று வகை ஆட்களுக்கு வருவோம். வேண்டாம் என்று சொன்னவரும் இறந்தவரும் ஒரு ரகம், பணம் கட்டியவர் வேறு ரகம். முதல் ரகத்துக்கு எந்தப் பிரச்சார மெயிலும் எப்போதும் போகக்கூடாது. பணம் கட்டியவருக்கு இந்த ஒரு நினைவூட்டல் மட்டும்தான் போகக்கூடாது, மாத இதழ் போக வேண்டும், கருத்தரங்கு அறிவிப்பு போக வேண்டும். இரண்டையும் ஒரே லிஸ்டில் கலந்து வைத்தால், ஆறு மாதம் கழித்து 'எனக்கு ஏன் எதுவுமே வருவதில்லை' என்று ஒழுங்காகச் சந்தா கட்டும் ஒருவர் கேட்பார். நிரந்தர விலக்கு முகவரியோடு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இந்த ஒரு மெயிலுக்கான விலக்கு, அனுப்பும் நேரத்தில் ஃபில்டர் போட்டுக் கழிக்கப்பட வேண்டும்.

பணம் கட்டியவர்களுக்குப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் தேதிதான். திங்கட்கிழமை நீங்கள் பட்டியலை எடுத்துக் கொடுக்கிறீர்கள், புதன்கிழமை ஒருவர் பணம் கட்டுகிறார், வெள்ளிக்கிழமை ஏஜென்சி மெயிலை அனுப்புகிறது. அவர்களிடம் இருப்பது திங்கட்கிழமை பட்டியல், அதில் அவர் கட்டாதவர். பட்டியலை அனுப்பும் நாள் காலையில் எடுங்கள். வங்கியில் வந்து சேர்ந்து இன்னும் கணக்கில் ஏற்றாத பணம் எப்படியும் கொஞ்சம் இருக்கும், அந்தப் பெயர்களையும் கட்டியவர்களாகவே வைத்து விலக்குங்கள். ஒருவருக்கு நினைவூட்டல் ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. ஆனால் கட்டியவரிடம் 'கட்டவில்லை' என்று சொன்னால் சங்கத்தின் கணக்கு வழக்கு மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது ஃபில்டர். இங்கேதான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பணம் கட்டியவர்களையும் ஆயுள் உறுப்பினர்களையும் விலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 'பணம் கட்டியவர் குரூப்பில் இல்லை' என்று ஒரு வரி, 'ஆயுள் உறுப்பினர் குரூப்பில் இல்லை' என்று இன்னொரு வரி, நடுவில் 'அல்லது' என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் பணம் கட்டிய ஒருவர் ஆயுள் உறுப்பினர் இல்லையே, ஆகவே இரண்டாவது வரி அவருக்குப் பொருந்துகிறது, அவர் உள்ளே வந்துவிடுகிறார். ஆயுள் உறுப்பினர் இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர் இல்லை, முதல் வரி பொருந்துகிறது, அவரும் உள்ளே. கடைசியில் இரண்டு குரூப்பிலும் இருப்பவர் மட்டும்தான் வெளியே நிற்பார், அதாவது அநேகமாக யாருமே விலக்கப்படுவதில்லை. விலக்கும்போது நடுவில் 'மற்றும்' தான் இருக்க வேண்டும், அதாவது எல்லா நிபந்தனைகளும் பொருந்தினால் மட்டும். ஏஜென்சியிடம் அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இந்த ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். மென்பொருளில் 'சேர்', 'விலக்கு' என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம், சிவிசிஆர்எம் மாதிரி சங்கங்களுக்கென்றே உருவான மென்பொருளில் அப்படித்தான் இருக்கிறது. மற்ற பலவற்றில் விலக்குவதை ஏன் இத்தனை மெனுவுக்கு அடியில் புதைத்து வைக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. புதிதாக ஆள் சேர்க்கும் பட்டன் மட்டும் முகப்பிலேயே பளபளவென்று இருக்கும்.

இறந்தவர் வீட்டுக்குப் போன மெயில் எப்படி நடந்திருக்கும்? என் ஊகம், அவர் உங்களிடம் இரண்டு இடத்தில் இருக்கிறார். உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயரில் இறந்தவர் என்று குறித்திருப்பீர்கள், ஏதோ ஒரு பழைய நிகழ்ச்சிப் பதிவில் அதே ஆள் இன்னொரு பதிவாக இருப்பார், அங்கே யாரும் குறிக்கவில்லை. ஆகவே ஒருவரை விலக்கும்போது பெயரை வைத்துத் தேடாதீர்கள், மின்னஞ்சல் முகவரியை வைத்துத் தேடுங்கள், எத்தனை பதிவு வந்தாலும் அத்தனையிலும் குறியுங்கள். கணவனும் மனைவியும் ஒரே முகவரியைப் பயன்படுத்தி இருவரும் உறுப்பினராக இருந்தால் மட்டும், உயிரோடு இருப்பவரிடம் பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இதே சிக்கல் பெரிய அளவில் நடப்பது ஏஜென்சிகளிடம். ஒவ்வொரு பிரச்சாரத்துக்கும் புதிதாக ஒரு லிஸ்ட் உருவாக்குவார்கள். மெயில்சிம்ப் என்ற மெயில் மென்பொருளில் ஒரு ஆடியன்ஸில், அதாவது ஒரு முகவரிப் பட்டியலில், அன்சப்ஸ்கிரைப் செய்தவர் (இனி வேண்டாம் என்று விலகியவர்) இன்னொரு ஆடியன்ஸில் அன்சப்ஸ்கிரைப் ஆவதில்லை. அது மென்பொருளின் கோளாறு இல்லை, அது அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த ஏஜென்சி ஒரே ஆடியன்ஸை வைத்துக்கொண்டு அதற்குள் டேக் (அடையாளக் குறி) போட்டுப் பிரிக்கும். தெரியாத ஏஜென்சி புதுப்புது ஆடியன்ஸ் தொடங்கும், அதில் ஒரே ஆள் நான்கு இடத்தில் இருந்தால் கட்டணத்துக்கு நான்கு பேராகவே எண்ணப்படுவார். அந்தப் பணமும் உங்களுடையதுதான்.

இன்னொன்று. மெயிலின் அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்கை ஒருவர் அழுத்தினால் அந்தத் தகவல் எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் மெயில் மென்பொருளிலேயே நின்றுவிடும், உங்கள் பதிவேட்டுக்குத் திரும்பி வராது. 'இரண்டையும் இணைத்துவிட்டோம்' என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பார்கள், இணைப்பு ஒருவழிப் பாதையாக இருக்கும். எழுதிக் கொடுத்தவர் கதை இதற்கு நேர் எதிர்: அவர் உங்களிடம் சொன்னார், நீங்கள் பதிவேட்டில் குறித்தீர்கள், ஏஜென்சிக்கு அது போகவே இல்லை. தானாக நடக்க வழி இல்லையென்றால், ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் இரு பக்கத்து விலக்குப் பட்டியலையும் கையால் ஒப்பிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழி இல்லை.

'வேண்டாம் என்றவர்களுக்கு வேறு டொமைனிலிருந்து அனுப்பலாம்' என்று எவராவது சொன்னால் அன்றைக்கே அவரோடு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். 'பவுன்ஸ் ஆனவர்களின் (மெயில் சேராமல் திரும்பியவர்களின்) புது முகவரியை நாங்கள் தேடித் தருகிறோம்' என்று விலை பேசுபவரும் அதே ரகம். அந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. உறுப்பினர் தானே கொடுக்காத முகவரிக்குச் சங்கம் மெயில் அனுப்பக்கூடாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஒரே கிளிக்கில் விலக வழி இருக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களைத்தான் மொத்தமாக அனுப்புகிறவர் என்று கணக்கிடுகிறார்கள், ஆனால் சிறிய சங்கம் என்றாலும் புகார் குவிந்தால் மெயில் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். அப்போது பாதிக்கப்படுவது விலகியவர் இல்லை, உங்கள் மெயிலுக்காகக் காத்திருக்கும் உறுப்பினர்.

இனி ஒரு விதிவிலக்கு. இதில் பலரும் குழம்புவதால் நிதானமாகச் சொல்கிறேன். 'வேண்டாம்' என்று சொன்னவர் உங்கள் பிரச்சாரம் வேண்டாம் என்றுதான் சொன்னார், உறுப்பினர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு, தேர்தல் அறிவிப்பு, விதித் திருத்தம், அவர் கட்டிய பணத்துக்கான ரசீது, இவை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். விலக்குப் பட்டியலை இதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டால், 'எனக்கு அறிவிப்பே வரவில்லை, கூட்டம் செல்லாது' என்று ஒருவர் எழுந்து நிற்கலாம், அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் அறிவிப்பில் அறிவிப்பு மட்டும் இருக்க வேண்டும். கீழே ஓர் ஓரமாகக் கருத்தரங்கு டிக்கெட் விளம்பரம் போட்டீர்களோ, அது பிரச்சாரம் ஆகிவிட்டது. மெயிலே வேண்டாம் என்று சொன்னவருக்கும் முகவரி பவுன்ஸ் ஆனவருக்கும் உங்கள் சங்க விதி அனுமதிக்கும் வேறு வழியில், தபாலோ வேறெதுவோ, அனுப்புங்கள். சந்தா பாக்கி உள்ளவருக்கு அறிவிப்பு பெறும் உரிமை உண்டா என்பதைச் சங்க விதியைப் படித்து முடிவு செய்யுங்கள், ஃபில்டர் போடுகிற பையன் முடிவு செய்ய விடாதீர்கள்.

அப்படியானால் சந்தா நினைவூட்டல் எந்தப் பக்கம்? 'உங்கள் உறுப்பினர் காலம் இந்தத் தேதியில் முடிகிறது' என்று எளிமையாக ஒரு மெயில், அது தகவல். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம்கூட உறுப்பினர் நிலை மாறுவதைச் சொல்லும் மெயிலை விளம்பரத்திலிருந்து பிரித்துத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதியிலோ நேரடி விளம்பரத்தை ஒருவர் மறுத்தால் உடனே நிறுத்தியாக வேண்டும், எதிர்வாதத்துக்கு இடமில்லை. 'சீக்கிரம் புதுப்பித்தால் தள்ளுபடி' என்று நான்காவது முறையாக வரும் மெயிலைத் தகவல் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆகவே வேண்டாம் என்றவருக்கு, தன் சந்தா முடிவதையே அவர் அறியாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, ஒரே ஒரு தகவல் மெயில், அதோடு நிறுத்துங்கள். அதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் வேண்டாம், தபால் அனுப்புங்கள்.

'ரொம்ப நாளாக மெயிலைத் திறக்காதவர்களையும் விலக்கலாம்' என்று ஏஜென்சி சொல்லக்கூடும். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஐபோனின் மெயில் செயலியில் அந்த வசதியை இயக்கி வைத்திருப்பவர்களில் திறக்காதவர்கூடத் திறந்ததாகக் காட்டப்படுகிறார். படங்களைத் தடுத்து வைத்துப் படிப்பவர் திறந்தும் திறக்காதவராகத் தெரிகிறார். சந்தா கட்டிய உறுப்பினரை இந்தக் கணக்கை நம்பி ஒதுக்காதீர்கள்.

அடுத்த மெயிலுக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுடைய வேறு வேறு முகவரிகளைப் போலி உறுப்பினர்களாகச் சேர்த்து, ஒன்றைப் பணம் கட்டியவர், ஒன்றை ஆயுள் உறுப்பினர், ஒன்றை வேண்டாம் என்றவர் என்று குறித்து வையுங்கள். இவற்றில் எதற்காவது நினைவூட்டல் வந்தால் எந்த ஃபில்டர் ஓட்டை என்று தெரிந்துவிடும். முதலில் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் இந்த முகவரிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், பிறகு மற்றவர்களுக்கு. எண்ணிக்கையையும் கழித்துப் பாருங்கள்: முடியப்போகிறவர்கள் 600, அதில் விலக்க வேண்டியவர்கள் 140 என்று உங்களுக்குத் தெரியும், ஏஜென்சி திரையில் 590 என்று காட்டினால் அனுப்ப விடாதீர்கள்.

இறந்தவரின் குடும்பத்துக்கு மென்பொருளிலிருந்து மன்னிப்பு மெயில் அனுப்பாதீர்கள். செயலாளர் தொலைபேசியில் பேசட்டும், அல்லது தன் கையெழுத்தில் கடிதம் எழுதட்டும்.

ஏஜென்சியை மாற்றப் போகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே அவர்களிடம் எழுத்துமூலம் கேளுங்கள்: அன்சப்ஸ்கிரைப் செய்தவர்கள், பவுன்ஸ் ஆனவர்கள், ஸ்பேம் புகார் கொடுத்தவர்கள், கையால் விலக்கப்பட்டவர்கள், எல்லா லிஸ்டிலிருந்தும், தேதியோடு. மாறும்போது பெரும்பாலான ஏஜென்சிகள் 'ஆக்டிவ்' ஆட்களை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து கொடுத்துவிட்டுக் கணக்கை மூடிவிடும், பழைய விலக்குகள் மொத்தமும் அதோடு தொலையும். 'அது எங்கள் கணக்கில் இருக்கிற தகவல், தர முடியாது' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் உறுப்பினர்கள் உங்களிடம் சொன்ன சொல் அது. கைக்கு வரும்வரை கடைசி பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வந்ததும், வேறெதையும் ஏற்றுவதற்கு முன்னால் அதைத்தான் முதலில் புது மென்பொருளில் ஏற்ற வேண்டும்.