பதிவேடு யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா காலமான பின் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் பணம் கொடுத்துத்தான் வாங்கினேன். கொடுத்த மறுநாளே கிடைத்தது. பட்டா மாற்றம் இன்னும் பாக்கி. ஒருவகையில் லஞ்சம்தான் வேலையை நகர்த்துகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ போன்ற தலைவர் வாய்க்காமல் நம் நாடு முன்னேறுமா?

ஒரு வாசகர், திருவாரூர்

அன்புள்ள நண்பருக்கு,

தந்தையை இழந்த துயரத்தோடு அந்த வராந்தாவில் காத்துக் கிடந்திருக்கிறீர்கள் என்பதை நினைக்க மனம் கனக்கிறது. ஆனால் லஞ்சம் வேலையை நகர்த்துகிறது என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். மறுநாளே தர முடிந்த சான்றிதழை அதுவரை முடக்கி வைத்திருந்ததே அந்தப் பணத்துக்காகத்தான். தலைவர் மட்டும் போதாது: சிங்கப்பூரின் ஊழல் புலனாய்வுப் பணியகம் லீ பதவிக்கு வருமுன்பே, 1952-ல் உருவானது. 1986-ல் அவருடைய அமைச்சர் ஒருவரையே விசாரித்தது. அந்தப் பேச்சை இத்துடன் விடுவோம்.

சில நாட்களாக என் பாட்டியின் முதியோர் உதவித்தொகை நினைவில் வந்துகொண்டிருக்கிறது. அது மணியார்டரில் வரும். கொண்டுவருபவர் முழுத் தொகைக்கும் கைநாட்டு வாங்கிக்கொண்டு, தம் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைக் கொடுப்பார். “வெயிலில் வருகிற பிள்ளை, போகட்டும்” என்பாள் பாட்டி. மாதக் கடைசியில் மாத்திரை வாங்கக் காசிருக்காது. அந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு வருகிறது என்ற பட்டியலை ஊர் நடுவே ஒருமுறை வாசித்திருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது.

ராஜஸ்தானில் அதைத்தான் செய்தார்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த அருணா ராயும் தோழர்களும் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அரசுப் பணிகளின் கணக்கை உரக்க வாசித்தது. அதைத் தொடர்ந்து ஊர் ஊராக நடந்த கூட்டங்களில், இறந்தவர்கள் பெயரில் கூலி வழங்கப்பட்டதும், கட்டாத கட்டடங்களுக்குப் பணம் பட்டுவாடா ஆனதும் அம்பலமாயின. கையெழுத்தே போடத் தெரியாத பெண்கள், தாங்கள் வாங்காத கூலிக்குத் தங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டு எழுந்து நின்று மறுத்தார்கள். பதிவேட்டின் நகலைக் கேட்டு 1996-ல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அந்தக் கோரிக்கைதான் வளர்ந்து 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று.

இதில் நமக்கு வெட்கப்பட ஒன்று உண்டு. 1997-லேயே, நாட்டில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. விலக்குகளை அடுக்கி அதைப் பயனற்றதாக்கியதும் நாம்தான். தலைவருக்காக ஏங்குகிற நீங்கள் கடைசியாக எந்தக் கிராமசபையில் வரவுசெலவை வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள்? சாலையின் தாரிலும் பள்ளிக் கூரையின் சிமெண்டிலும் திருடப்பட்டது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. கேட்க ஆளில்லாத ஊரில் எந்தத் திட்டமும் முழுதாக வந்து சேராது.

பட்டா மாற்றத்துக்கு இனி ஒரு காசும் கொடுக்காதீர்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் மனு அனுப்புங்கள். உங்கள் விண்ணப்பம் எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.