ஓவியம் அவ்வளவாக வராத என் மகள் இங்கிலாந்தில் ஏ-லெவலுக்கு ப்ராடக்ட் டிசைன் எடுக்கலாமா?

ஓவியம் வராது என்பதை மட்டும் காரணமாக வைத்து உங்கள் மகளைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபார்மில் (16 முதல் 18 வயது வரை ஏ-லெவல் படிக்கும் பள்ளிப் பிரிவு), அன்றாடப் பொருள்களை வடிவமைத்துச் செய்யக் கற்பிக்கும் இந்தப் பாடத்தைப் படித்து, அதே துறையில் பட்டம் பெற்று, இப்போது சமையலறைப் பொருள்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் அழகாக வரைந்தவர்கள் எல்லோரும் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடவில்லை. ஒரு முடிவை ஏன் எடுத்தோம், எதைச் சோதித்துப் பார்த்து எடுத்தோம் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டத் தெரிந்தவர்களே முன்னால் வந்தார்கள். ஆகையால், ஒரே வேலையை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இயல்பு அவளிடம் உண்டா என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள்.

நான் படித்தது ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம்; 2017இல் தொடங்கிய இதற்கு 2019இல் முதல் தேர்வு நடந்தது. இரண்டு எழுத்துத் தேர்வுகள் உள்ளன: தொழில்நுட்பக் கோட்பாடுகள் குறித்த முதல் தாள் இரண்டரை மணி நேரம், 120 மதிப்பெண், மொத்தத்தில் 30 விழுக்காடு; வடிவமைத்தல், செய்தல் குறித்த இரண்டாம் தாள் ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண், 20 விழுக்காடு. மீதிப் பாதி முழுவதும் என்.ஈ.ஏ. எனப்படும் செயல்திட்டத்திற்கு உரியது. பியர்சன், ஓ.சி.ஆர். வாரியங்களிலும் தாள்களின் அமைப்புதான் வேறு. செயல்திட்டத்திற்குப் பாதி மதிப்பெண் என்பது மாறாது. பொதுவாகப் பள்ளிகள் இதை 12ஆம் ஆண்டின் இறுதியில், கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு தொடங்கி, 13ஆம் ஆண்டின் ஈஸ்டரை ஒட்டி முடிக்கச் சொல்கின்றன.

ஏ-லெவலுக்கு முன்பு, 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் இதே பாடத்தை எடுத்த பிள்ளைகளுக்கு வாரியமே ஜூன் 1ஆம் தேதி தலைப்புகளை வெளியிடும். ஏ-லெவலில் அந்த வசதி கிடையாது. பிரச்சினையையும் மாணவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'இளைஞர்களுக்கான விளக்கு', 'நவீன நாற்காலி' என்று தொடங்கினால், யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாததால் எந்த முடிவுக்கும் காரணம் சொல்ல முடியாமல் போகும். பெயரும் முகமும் உள்ள ஒருவரைப் பிடித்துக்கொள்வதே பாதி வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

நான் என் அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் இடியப்பம் எவ்வளவு அடிக்கடி அவிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மணிக்கட்டு வலிக்கு மாவைப் பிழியும் இடியப்ப உரல்தான் பெரிய காரணமாக இருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தை மேசையில் வைத்து, அதன் மேல் தட்டை வைத்துப் பிழியச் சொன்னபோது 15 கிலோவுக்கு மேல் காட்டியது. மா சூடாக இருக்கும்போது குறைவாகவும், ஆற ஆற அதிகமாகவும் காட்டியது. இந்தச் சிறு சோதனை, இணையத்தில் திரட்டிய பத்துப் பக்கத் தகவலைவிட என் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது செயல்திட்டத்தின் ஒவ்வொரு படியையும் பதிவு செய்யும் தொகுப்புக்கு, அதிகப் பயன் தந்தது. முறுக்கிப் பிழியும் உரல் கடையில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், திருகுவது மணிக்கட்டுக்கு இன்னும் மோசம் என்று சொல்லிவிட்டார்.

எனவே நெம்புகோல் என்று முடிவு செய்தேன். கைப்பிடி 30 செ.மீ., அழுத்தும் இடம் சுழல் மையத்திலிருந்து 6 செ.மீ. என்று வைத்தால் விசை ஐந்து மடங்காகும். ஆனால் கையை 25 செ.மீ. இறக்கினால் அழுத்தும் பகுதி 5 செ.மீ. மட்டுமே இறங்கும். உரலை ஆழமற்றதாக, அகலமாகச் செய்யலாம் என்றால், பரப்பு கூடக் கூடத் தேவையான விசையும் கூடுகிறது. இந்த இழுபறியை அட்டையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் மாதிரிகள் செய்து, அவர் கையில் கொடுத்துப் பார்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் படத்தோடு பதிவு செய்வதுதான் இந்தப் பாடத்தின் உயிர். 3டி பிரிண்டரில் அச்சிடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதால், கொதிநீரில் குழைத்த மாவுக்கு அது உதவாது. எனவே இறுதி உரலைப் பள்ளிப் பட்டறையின் கடைசல் இயந்திரத்தில் அலுமினியத்தில் கடைந்தேன்.

மதிப்பெண் பிரிக்கப்படும் விதத்தைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மொத்தம் 100இல், பிரச்சினையை ஆராய்வதற்கு 20, வடிவமைப்புக் குறிப்புக்கும் விவரக்குறிப்புக்கும் 10, வடிவமைப்பை வளர்த்தெடுப்பதற்கு 25, முன்மாதிரியை உருவாக்குவதற்கு 25, பகுத்தாய்ந்து மதிப்பிடுவதற்கு 20. பளபளப்பான பொருளைச் செய்துவிட்டுப் போர்ட்ஃபோலியோவைக் கடைசி வாரத்தில் நிரப்புபவர்கள் இந்தக் கணக்கில் அடிபடுகிறார்கள். வரைதல் தேவைதான்; ஆனால் குறிப்புகளோடு கூடிய விரைவான கோட்டுப்படங்களும், அளவுகளுடன் கூடிய பொறியியல் வரைபடங்களும், கேட் எனப்படும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் செய்யும் உருவங்களுமே எதிர்பார்க்கப்படுகின்றன. அவை பயிற்சியால் வருபவை. ஆசிரியர் பொதுவான அறிவுரை தரலாமே தவிர இதை இப்படித் திருத்து என்று சொல்லித்தர முடியாது. வீட்டில் நீங்களும் உங்கள் கணவரும் 'கொஞ்சம்' செய்து கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

எழுத்துத் தேர்வுகளைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஏன் மீண்டும் மீண்டும் மடியும் மூடிகளுக்கு ஏற்றது, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங் ஏன் பெரிய எண்ணிக்கையில் மட்டுமே கட்டுப்படியாகும் என்பன போன்ற பொருளறிவும் செய்முறையறிவும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தேர்வில் குறைந்தது 15 விழுக்காடு கணக்கு சார்ந்தது. வடிவமைப்பு வரலாறும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வரைகலை வடிவமைப்பாளர் மார்கரெட் கால்வர்ட் பற்றிய பகுதி. ஜாக் கின்னியர் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பிரிட்டனின் சாலைக் குறியீடுகள் 1965இல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் மகளின் பள்ளிக்கு அருகே, சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் சிறுமி ஒருத்தி பலகையில் இருப்பாள் அல்லவா, அவளைத் தன் சிறுவயது உருவத்தை வைத்தே கால்வர்ட் வரைந்தார்.

பல்கலைக்கழகத்திற்கு இது உதவுமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம்; இதோடு வேறு எந்தப் பாடங்களை அவள் எடுக்கிறாள் என்பதே அதற்கு விடை. லஃப்பரோ, புரூனல் போன்ற இடங்களின் வடிவமைப்புப் பட்டங்களுக்கு இந்தப் போர்ட்ஃபோலியோ நேரடியாக உதவும். இம்பீரியலில் டிசைன் எஞ்சினியரிங் படிக்க ஏ-லெவல் கணிதம் கட்டாயம். இயந்திரப் பொறியியலுக்குப் பெரும்பாலும் கணிதத்தோடு இயற்பியலும் கேட்பார்கள். கணிதம், இயற்பியல், ப்ராடக்ட் டிசைன் என்று எடுத்தால் அநேகமாக எந்தப் பொறியியல் கதவும் மூடாது. கணிதத்தை விட்டுவிட்டு இதை எடுப்பதானால் மட்டும் நன்றாக யோசியுங்கள்.

கடைசியாக, சேர நினைப்பவர்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் திறந்த மாலைக்கு (ஓப்பன் ஈவினிங்) போகும்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் பொருள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் போர்ட்ஃபோலியோ ஒன்றைப் புரட்டிப் பார்க்கக் கேளுங்கள். பட்டறைக்கு முழுநேரத் தொழில்நுட்ப உதவியாளர் இருக்கிறாரா, 13ஆம் ஆண்டு மாணவர்கள் மதிய இடைவேளையிலும் பள்ளி முடிந்த பிறகும் பட்டறையைப் பயன்படுத்த முடியுமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதே பதிலாக வந்தால், இதே பாடத்தை நடத்தும் இன்னொரு சிக்ஸ்த் ஃபார்மையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.