ரவுட்டரின் ‘அட்வான்ஸ்டு’ பக்கம்: எதைத் தொடலாம், எதை விடலாம்?

இந்த முறை வந்தவை எல்லாமே வைஃபை வேகம் பற்றிய கேள்விகள். பதில்களைப் படிக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பைக் கேபிள் வழியாக ரவுட்டரில் செருகி ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அதிலேயே வேகம் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான். வைஃபை செட்டிங்கை நோண்டிப் பயன் இல்லை.

கேள்வி: வைஃபை ஸ்கேன் செய்யும் ஆப்பில் பார்த்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 1, 6, 11 சேனல்களில் குவிந்து கிடக்கின்றன. 3 காலியாக இருக்கிறது. அங்கே மாறிவிடலாமா?

வேண்டாம். 3 காலியாகத் தெரிகிறதே தவிர, காலி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பேண்டில் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு ரவுட்டர் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். 3-இல் உட்கார்ந்தால் 1-இல் இருப்பவர், 6-இல் இருப்பவர் இருவரோடும் உரசல்தான்.

ஒரே சேனலில் இரண்டு ரவுட்டர்கள் இருப்பது அவ்வளவு மோசமில்லை. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியும்; முடியும்வரை பொறுத்திருந்து தன் முறை வந்ததும் பேசும். வேகம் பங்கு போகும், அவ்வளவுதான். பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சேனல்களில் இந்த ஏற்பாடு சரியாக நடக்காது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல். பாக்கெட் (அனுப்பும் தரவின் ஒரு துண்டு) சிதையும், மறுபடி அனுப்ப வேண்டிவரும்.

ஆகவே 1, 6, 11 மூன்றுக்குள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ரவுட்டர்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். -88 டிபிஎம்மில் மங்கலாகத் தெரியும் நாலைந்து பெரிய தொல்லை இல்லை. -50-இல் உட்கார்ந்து சதா வீடியோ ஓட்டும் ஒன்றே சேனலைத் தின்றுவிடும். அப்புறம், 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். 40 வைத்தால் அந்தப் பேண்டில் பாதிக்குமேல் நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸில் அகலத்தை 160 ஆக்கினேன். வேகம் கூடியது. ஆனால் திடீர் திடீரென்று ஒரு நிமிடம் வைஃபையே காணாமல் போகிறது.

ரவுட்டரின் சிஸ்டம் லாக்கைத் திறந்து ‘ரேடார்’ அல்லது ‘டிஎஃப்எஸ்’ (ரேடாருக்கு வழிவிடும் ஏற்பாடு) என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள். 160 மெகாஹெர்ட்ஸுக்குப் பெரும்பாலும் 36 முதல் 64 வரையிலான சேனல்கள் மொத்தமாக வேண்டும். அதில் 52 முதல் 64 வரை ரேடார்களோடு பகிர்ந்துகொள்வது. ரேடார் போல ஏதாவது கேட்டாலே ரவுட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பொதுவாக 30 நிமிடத்துக்குத் திரும்பவும் கூடாது. ரேடாரோடு பகிரும் வேறு சேனலுக்குப் போனால், பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். உங்கள் ‘ஒரு நிமிடம்’ அநேகமாக அதுதான்.

80-க்குத் திரும்பி 36 முதல் 48-க்குள் இருங்கள். அகலம் கூடக்கூட இரைச்சலும் சேர்ந்து உள்ளே வருவதால் தூரத்து அறையில் 160-ஆல் லாபமும் குறைவு.

கேள்வி: டிரான்ஸ்மிட் பவர் முழுதாக வைத்திருக்கிறேன். கடைசி அறையில் மொபைலில் சிக்னல் நன்றாகக் காட்டுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை.

மொபைலில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் எட்டுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. மொபைலின் குரல் ரவுட்டருக்கு எட்ட வேண்டாமா? அதன் ஆன்டெனா சிறியது, பவரும் குறைவு. ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில், உலோக அலமாரிக்கு வெளியே வையுங்கள். போதவில்லை என்றால் அந்தப் பக்கம் இன்னொரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் ரவுட்டரோடு இணைந்து வைஃபை தரும் பெட்டி) போடுவதுதான் வழி. அப்போது இரண்டின் பவரையும் சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் மொபைல் பழையதையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பீக்கன் இன்டர்வெலை 100-லிருந்து 50 ஆக்கினால் வேகம் கூடும் என்கிறார்களே? ஆர்டிஎஸ் திரெஷோல்டு?

அதனால் வேகம் கூடிவிடாது. பீக்கன் என்பது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ரவுட்டர் விடும் அறிவிப்பு; செட்டிங்கில் 100 என்றால் 102.4 மில்லி வினாடிக்கு ஒருமுறை. அது மெதுவான வேகத்தில் போவது. பாதியாக்கினால் அறிவிப்புகள்தான் இரட்டிப்பாகும். ஆர்டிஎஸ் திரெஷோல்டு என்பது, எவ்வளவு பெரிய பாக்கெட்டுக்கு அனுப்புமுன் ‘வழி விடுங்கள்’ என்று கேட்க வேண்டும் என்ற வரம்பு. அது 2347-இல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

கேள்வி: புது ரவுட்டர், புது லேப்டாப். ஆனாலும் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ் தாண்டவில்லை.

54 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. அநேகமாக டபிள்யூஎம்எம் (வீடியோ, குரல் போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் செட்டிங்) அணைந்திருக்கிறது, அல்லது பாதுகாப்பு ‘டிகேஐபி’ என்ற பழைய குறியாக்க முறையில் இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வைஃபை 4 முதல் வந்த வேகங்கள் கிடைக்காது. டபிள்யூஎம்எம்மை இயக்கி, பாதுகாப்பை டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் ஆக்குங்கள்.

கேள்வி: ஸ்பீடு டெஸ்ட் அருமை. ஆனால் வீட்டில் யாராவது ஃபைல் அப்லோடு செய்தால் என் வீடியோ கால் திணறுகிறது.

அப்லோடு ஓடும்போதே பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டுப் பாருங்கள். 20 மில்லி வினாடி 300-க்குத் தாவினால், பாக்கெட்டுகள் மோடத்திலோ ரவுட்டரிலோ நீண்ட வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்; காசு கொடுத்து வேகமான பிளானுக்கு மாறுமுன் இதைச் சரிசெய்யுங்கள். ரவுட்டரில் ‘எஸ்க்யூஎம்’ (அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் இயக்கி, கேபிளில் அளந்த அப்லோடு, டவுன்லோடு வேகங்களில் சுமார் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். எனக்குத் தெரிந்து, வீட்டு ரவுட்டரில் இதைவிட லாபமான பேரம் வேறு இல்லை. ஒரு எச்சரிக்கை: மிக வேகமான இணைப்பில் சிறிய ரவுட்டரின் பிராசசர் இதைத் தாங்காது.

கேள்வி: டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறைக்கு மாறியதும் ஸ்மார்ட் பல்புகள் இணைய மறுக்கின்றன.

அவை பழைய பாதுகாப்பு முறை மட்டுமே தெரிந்தவையாக இருக்கும். பல்புகளுக்கென்று 2.4-இல் தனி கெஸ்ட் நெட்வொர்க் திறந்து அதில் மட்டும் டபிள்யூபிஏ2 வையுங்கள். ரவுட்டர் அதற்கு இடம் தரவில்லை என்றால், இரண்டும் கலந்த டபிள்யூபிஏ2/3 முறையை முயன்று பாருங்கள்.