பென்னாகரம் பக்கம் முதியோர் குடியிருப்பு: அனுமதி பற்றி

வணக்கம் சார். பென்னாகரம் ரோட்டில் இரண்டரை ஏக்கர் புஞ்சை, 40 வீடுகள், பெரியவர்களுக்கு மட்டும். "பஞ்சாயத்து அனுமதி போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த அளவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) திட்ட அனுமதி வேண்டும். பட்டாவில் இன்னும் விவசாய நிலம் என்றால் நில உபயோக மாற்றம்தான் முதல் வேலை. பிளான் போடும் இன்ஜினியருக்கு அதற்கு முன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

அளவைக் கவனியுங்கள். இரண்டரை ஏக்கர் என்றால் சுமார் 10,117 சதுர மீட்டர். 10,000-ஐத் தாண்டினால், சாலைக்கு விட்டது போக 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பணம் கட்டி ஈடு செய்யும் வழி 10,000 வரைக்கும்தான். வெறும் 117 சதுர மீட்டரில் மாட்டுகிறீர்கள்! மறு அளவை செய்து பார்ப்பது நல்லது.

எட்டு வீட்டுக்கு மேல் விற்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் கட்டாயம். பதிவு எண் வரும் முன் விளம்பரமோ அட்வான்ஸோ கூடாது. மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான்.

சாய்தளம் 1:12-க்கு (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) மேல் செங்குத்தாக வேண்டாம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. நம் தருமபுரி மாவட்ட போர் தண்ணீரில் ஃபுளோரைடு தொல்லை தெரிந்ததே. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பு கிடைக்குமா என்று ஊராட்சியில் இப்போதே மனு கொடுங்கள்.