கட்டற்ற மென்பொருளை மட்டும் வைத்து அன்றாடம் ஓட்ட முடியுமா?

கேள்வி: லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், எஃப்-டிராய்டு ஆப்கள் என்று கட்டற்ற மென்பொருட்களை (உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுபவை) மட்டும் வைத்துக்கொண்டு, கணினித் துறையில் இல்லாத ஒருவர் தன் அன்றாட வேலைகளைப் பார்க்க முடியுமா? பயன்படுத்துகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கணினியில் முடியும். போனில் முக்கால்வாசி முடியும். மீதிக் கால்வாசியில் வங்கி உட்கார்ந்திருக்கிறது.

நான் மென்பொருள் ஆள் இல்லை. பதிப்பகங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் தொழில். என் மடிக்கணினி, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய ரகம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்றதும் தெரிந்தவர்கள் பலர் புதுசு வாங்க விலை விசாரிக்கப் போனார்கள். நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வேலை முழுக்க, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குக் கட்டற்ற மாற்றான லிப்ரே ஆஃபீஸில்தான். 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வந்தது இது. தமிழில் எழுதுகிறவர்கள் இதில் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பத்திக்கான ஸ்டைலில் எழுத்தளவை 14 என்று மாற்றுவீர்கள். ஆங்கிலச் சொற்கள் மட்டும் பெரிதாகும், தமிழ் நகராது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு. விஷயம் இதுதான்: லிப்ரே ஆஃபீஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும், சீனம் ஜப்பானுக்கு இன்னொன்றும், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு மூன்றாவது ஒன்றும் தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்வேஜஸ் என்று போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஸ்டைலில் அந்த மூன்றாவது பகுதியில் அளவை மாற்றினால் தமிழும் பெரிதாகும். ஒரு தடவை செய்து வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. வேர்டில் திருத்தக் குறிப்புகளோடு வரும் கோப்புகளும் ஒழுங்காகத் திறக்கின்றன. அட்டவணைகள் மட்டும் சில நேரம் இடம் பெயர்ந்து நிற்கும். அதனால் கடைசிக் கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் சேர்த்தே அனுப்புவேன்.

பிரிண்டர் விஷயத்தில் கொஞ்சம் அழ வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் என்னிடமும் இருந்தது. அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளர் திறந்து கொடுக்கவில்லை. லினக்ஸில் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் ஊமையாகிவிடும். கடைசியில் டிரைவரே தேவைப்படாமல் வைஃபை வழியாக அடிக்கும் வேறொன்றுக்கு மாறினேன். லினக்ஸுக்குப் போகிறவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பிரிண்டரைச் சோதித்துப் பாருங்கள்.

சரி, உலாவி. கணினியோ போனோ, நான் யாருக்கும் முதலில் மாற்றித் தருவது இதைத்தான். ஆண்ட்ராய்டு குரோமில், உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) போட வழியே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் போடலாம். முன்பு விரல்விட்டு எண்ணக்கூடிய நீட்சிகள்தான் கிடைத்தன, 2023 டிசம்பருக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் திறந்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஒன்றுதான்.

அப்பா காலையில் போனில்தான் செய்தி படிப்பார். நாலு வரி படித்தால் ஒரு நகைக்கடை, இன்னும் நாலு வரி தாண்டினால் மனை விற்பனை, நடுவில் திரையையே மறைத்துக்கொண்டு ‘உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, இங்கே தொடவும்’ என்று ஒன்று. அவர் தொட்டும் விடுவார். ஃபயர்பாக்ஸும் யூபிளாக்கும் போட்டுக் கொடுத்த மறுநாள், “நகைக்கடைக்காரனையெல்லாம் எங்கடா துரத்துனே?” என்று கேட்டார். டேட்டாவும் மிச்சமாகிறது, பக்கமும் சட்டென்று திறக்கிறது. இத்தனைக்கும் யூபிளாக் ஆரிஜினை எழுதியவர் நன்கொடைகூட வாங்குவதில்லை. கணினியில் குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதில் இதன் முழு வடிவம் அங்கே நின்றுபோய், லைட் என்ற சுருக்கமான வடிவம்தான் மிச்சம்.

அதற்காக ஃபயர்பாக்ஸை சந்நியாசி என்று நினைத்துவிட வேண்டாம். அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம்தான். குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விடப்படும் தளங்களும் நம்மூரில் நிறைய. படிவம் முழுக்க நிரப்பி முடித்த பிறகு ‘சமர்ப்பி’ பொத்தான் அசையாமல் கிடக்கும். அந்த மாதிரி நேரத்துக்கென்று, குரோமுக்கு அடிப்படையான குரோமியம் ஒன்றையும் ஓரமாக வைத்திருக்கிறேன். அதுவும் கட்டற்றதுதான், எனவே கணக்கில் குறையில்லை.

இனி போன். எஃப்-டிராய்டு 2010 முதல் இருக்கும் ஆப் களஞ்சியம், கட்டற்ற ஆப்களை மட்டும் தருகிறது. விஎல்சி, பாட்காஸ்ட் கேட்க ஆன்டெனாபாட், போனையும் கணினியையும் இணைக்க கேடிஇ கனெக்ட் எல்லாம் எனக்குத் தினமும் வேண்டும். யூடியூப் பார்க்க வைத்திருக்கும் நியூபைப் கொஞ்சம் வேறு ஜாதி. யூடியூப் தன் பக்கம் எதையாவது மாற்றினால் இது படுத்துவிடும். நிரலாளர்கள் சீக்கிரமே சரிசெய்துவிடுவார்கள், ஆனால் எஃப்-டிராய்டு மூல நிரலிலிருந்து தானே கட்டித் தருவதால் அந்தப் பதிப்பு நம் கைக்கு வரச் சில நாள் ஆகும். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் டவர் போனாலும் வழி காட்டும். சின்ன ஊர்க் கடைகள் அதில் அதிகம் இருக்காது. எங்கள் தெரு ரேஷன் கடையை நானேதான் சேர்த்தேன்.

ஆப்களோடு நின்றால் தகராறு இல்லை. போனின் இயங்குதளத்தையே மாற்றினால்தான் வம்பு. பழைய போன் ஒன்றில், ஆண்ட்ராய்டின் கட்டற்ற வடிவமான லீனியேஜ் ஓஎஸ் போட்டேன். தயாரிப்பாளர் கைவிட்ட போன், அழகாக ஓடியது. வங்கி ஆப்பைத் திறந்தேன். ‘இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல’ என்று ஒரு வரி, ஆப் மூடிக்கொண்டது. நான் ரூட் (போனின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வது) எதுவும் செய்யவில்லை. ஆனால் லீனியேஜ் போட, போனைத் துவக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தாக வேண்டும், திறந்த போன், சாதனத்தை யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் முழுசாகத் தேறாது. வங்கி ஆப் பார்ப்பது அந்தச் சோதனை முடிவைத்தான். பாதுகாப்புத் திருத்தம் வந்து வருஷக்கணக்காகிவிட்ட பழைய ஆண்ட்ராய்டு அதில் தேறிவிடலாம், போன மாதத்துத் திருத்தம் வரை போட்ட என் லீனியேஜ் தேறாது. இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வேறு போனில் யூபிஐ வைத்துக்கொள்ளலாமே என்றால், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். அவசரத்துக்கு, இணையம் இல்லாமல் டயல் செய்தே பணம் அனுப்பும் *99# இருக்கிறது, ஆனால் ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரைதான். பஸ்ஸில் நின்றுகொண்டு அந்த மெனுவில் எண் எண்ணாக அழுத்திப் பாருங்கள், சில்லறையே தேவலை என்று தோன்றும்.

அதனால் இப்போது சிம் போட்ட போன் கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, அதன் மேல் எஃப்-டிராய்டு ஆப்கள். லீனியேஜ் போன் சிம் இல்லாமல், படிக்கவும் பாட்டுக் கேட்கவும். நீங்களும் ஆசைப்பட்டால் வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்த எண் இருக்கும் போனில் கை வைக்காதீர்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போன் லீனியேஜ் தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று மாடல் எண்ணோடு பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு மாடல்களில் ஒன்றுக்குப் போட்டதை மற்றதற்குப் போட்டால், அப்புறம் எதுவும் போட முடியாத நிலைக்கும் அது போய்விடலாம்.